தூணாக நின்ற புத்தக அலமாரி

நம் குடியிருப்பில் யாராவது வீட்டை மாற்றியமைக்கப் போகிறேன் என்று விண்ணப்பம் கொடுத்தால், சங்க அலுவலகத்தில் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சுவரை எடுக்கப் போறீங்க?" சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரைத் தட்டிவிட்டால் வீடு விசாலமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அது வெறும் தடுப்புச் சுவரா, மேல்மாடியின் பாரத்தைத் தாங்கும் சுவரா என்று தெரியாமல் சுத்தியலைத் தூக்க முடியாது. கட்டடப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சங்கம் தடையில்லாச் சான்று தரும். இதில் சிலருக்கு நம் மேல் வருத்தம் உண்டு. இருந்தாலும் விதி விதிதான்.

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இதே கேள்வியை ஒரு பெருநகரம் ஆறு ஆண்டுகள் கேட்டுக்கொண்ட கதை. அங்கே எடுக்க நினைத்தது சுவரை அல்ல, புத்தக அலமாரியை. இடம் நியூயார்க் பொது நூலகம். நம் குடியிருப்பிலும் ஒரு வாசிப்பறையைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய வேளை வந்திருப்பதால், இந்தக் கதை இப்போது நமக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நீர்த்தேக்கத்தின் மேல் ஒரு நூலகம்

நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், 40ஆம் தெருவுக்கும் 42ஆம் தெருவுக்கும் இடையே இன்று வெள்ளைப் பளிங்குக் கட்டடம் நிற்கும் இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் இருந்தது. 1842ல் கட்டியது. நாலு ஏக்கர் பரப்பு, 50 அடி உயர மதில். மாலையில் ஜனங்கள் அந்த மதிலின் மேல் ஏறி நடைப்பயிற்சி செய்வார்களாம். நகரம் வளர்ந்து, தண்ணீர் வேறு வழியில் வரத் தொடங்கியதும், நீர்த்தேக்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதே காலத்தில் ஊரில் இரண்டு பெரிய தனியார் நூலகங்கள் பணத்தட்டுப்பாட்டில் இருந்தன. ஒன்று ஆஸ்டர் நூலகம், மற்றது லெனாக்ஸ் நூலகம். இன்னொரு பக்கம், முன்னாள் ஆளுநர் சாமுவேல் டில்டன் என்பவர் இலவச நூலகம் ஒன்றுக்காகத் தன் சொத்தை எழுதிவைத்துவிட்டு இறந்திருந்தார். 1895ல் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. கட்டடத்தையும் பராமரிப்பையும் நகராட்சி பார்த்துக்கொள்ளும், நூல்களை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடாயிற்று. பழைய நீர்த்தேக்கம் இடிக்கப்பட்டு அந்த இடம் நூலகத்துக்குக் கிடைத்தது. அதன் பழைய அஸ்திவாரக் கற்களில் சிலவற்றை இன்றும் கட்டடத்தின் உள்ளே பார்க்கலாம்.

நூலகத்தின் முதல் இயக்குநர் ஜான் ஷா பில்லிங்ஸ். தொழிலால் மருத்துவர், ராணுவத்தில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தவர். கட்டடக் கலைஞர்கள் யாரும் வருவதற்கு முன்பே, கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சிறிய காகிதத்தில் அவரே படம் போட்டுவிட்டார். கீழே ஏழு அடுக்குப் புத்தகக் கிடங்கு. அதற்கு மேலே, மொட்டைமாடியின் சத்தமில்லாத உயரத்தில், ஒரு மாபெரும் வாசிப்புக் கூடம். வழக்கமாக வாசிப்புக் கூடத்தைக் கீழே வைத்து, கிடங்கைப் பக்கத்திலோ பின்னாலோ வைப்பார்கள். இவர் அதைத் தலைகீழாக்கினார். காரணம் எளிமையானது: வாசகர் கேட்ட நூல் சில நிமிடங்களில் அவர் மேசைக்கு வந்து சேர வேண்டும். நூல் நேராக மேலே ஏறிவந்தால் அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

1897ல் நடந்த போட்டியில் காரேர், ஹேஸ்டிங்ஸ் என்ற இரட்டையர் வென்றார்கள். பில்லிங்ஸின் கோட்டுப் படத்துக்கு அவர்கள் பளிங்கு உடை போர்த்தினார்கள் என்று சொல்லலாம். 1902ல் அடிக்கல், 1911 மே 23ல் திறப்பு விழா. அமெரிக்க அதிபர் டாஃப்ட் வந்திருந்தார். மறுநாள் பொதுமக்களுக்குக் கதவு திறந்தபோது பல்லாயிரம் பேர் உள்ளே நுழைந்தார்கள். முதல் நாள் காலை 9 மணி 8 நிமிடத்துக்கு ஒரு வாசகர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டது ரஷ்ய மொழியில் டால்ஸ்டாயையும் நீட்சேயையும் பற்றிய ஒரு நூல். ஆறே நிமிடத்தில் அது அவர் கைக்கு வந்தது. பில்லிங்ஸின் கணக்கு சரியாக இருந்தது.

யார் கண்ணிலும் படாத ஏழு மாடி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அந்தக் கட்டடத்தின் உடம்பைப் பார்க்க வேண்டும். இனி வரப்போகும் சண்டை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

மேலே உள்ள வாசிப்புக் கூடத்தின் நீளம் 297 அடி, அகலம் 78 அடி, உயரம் 52 அடி. நம்முடைய நாலு மாடி பிளாக் ஒன்றை அப்படியே உள்ளே வைத்துவிடலாம். வாசகர்கள் பார்ப்பது இதைத்தான். அவர்கள் பார்க்காதது, தங்கள் காலுக்குக் கீழே இருக்கும் ஏழு அடுக்குக் கிடங்கு. திறக்கப்பட்டபோது கட்டடத்தில் இருந்த அலமாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 75 மைல் வரும். ஒவ்வோர் அடுக்கின் உயரமும் ஏணி இல்லாமல் ஓர் ஆள் கையை நீட்டி மேல் தட்டிலிருந்து நூலை எடுக்கும் அளவுதான்.

வாசகர் சீட்டை எழுதிக் கொடுப்பார். அது ஒரு குழாய்க்குள் போடப்பட்டு, காற்றழுத்தத்தில் கீழே பாயும். கிடங்கில் இருக்கும் ஊழியர் சீட்டைப் பார்த்து நூலைத் தேடி எடுப்பார். நூல் சிறு மின்தூக்கியில் ஏறி மேலே வரும்.

இந்த அலமாரிகள் சுவரோரம் சாய்த்து வைத்தவை அல்ல. நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் தூண்களில் பொருத்தியவை. அதே தூண்கள்தான் மேலே இருக்கும் வாசிப்புக் கூடத்தின் தரையையும் தாங்கின. அதாவது, வாசகர்கள் உட்கார்ந்திருந்த மேசை, நாற்காலி, விளக்கு, தரை எல்லாம் சொல்லுக்குச் சொல் புத்தக அலமாரியின் மேல்தான் நின்றன. இதைத்தான் தலைப்பில் சொன்னேன்.

மேலே உட்கார்ந்து படித்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்? ஜெராக்ஸ் என்று நாம் தெருவுக்குத் தெரு சொல்கிறோமே, அந்த நகலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், அதற்கான அறிவியலை 1930களில் இங்கே உட்கார்ந்துதான் தேடிப் படித்தார். உடனடிப் புகைப்படக் கருவியை உருவாக்கிய எட்வின் லேண்ட் இளமையில் படித்ததும் இங்கேதான். யாரும் அவர்களிடம் நீ எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை. கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது.

பழைய கட்டடம், புதிய தேவை

எந்தக் கட்டடமும் கட்டிய நாளின் தேவையோடு நின்றுவிடுவதில்லை. தொடக்கத்தில் இதே கட்டடத்தில் இரவல் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருந்தன. கூட்டம் பெருகியதால் 1970ல் இரவல் பிரிவு எதிர்ப்புறம் இருந்த ஒரு பழைய துணிக்கடைக் கட்டடத்துக்குப் போயிற்று. அதற்கு மிட் மான்ஹாட்டன் நூலகம் என்று பெயர். பளிங்குக் கட்டடம் ஆராய்ச்சிக்கு மட்டும் என்றாயிற்று.

ஆராய்ச்சி நூல்களும் கிடங்கில் அடங்காமல் பெருகின. அப்போது நூலகம் செய்த காரியம் அழகானது. கட்டடத்தின் பின்னால் இருக்கும் பிரையன்ட் பூங்காவின் அடியில் பள்ளம் தோண்டி, 1990களின் தொடக்கத்தில் நிலத்தடிக் கிடங்கு ஒன்றைக் கட்டினார்கள். மேலே மறுபடியும் புல்தரை போட்டார்கள். இன்று அந்தப் புல்தரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுபவர்களில் எத்தனை பேருக்குத் தங்களுக்கு அடியில் நூல்கள் இருப்பது தெரியுமோ! அடுத்து, 2002ல், கட்டடத்தின் நடுவில் வெறுமனே கிடந்த தெற்கு முற்றத்தில் கண்ணாடியால் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். வகுப்பறை, அரங்கம், அலுவலகம் எல்லாம் அதில் வந்தன. பழைய பளிங்குச் சுவர்கள் அப்படியே நின்றன.

இரண்டிலும் ஒரே முறைதான். பாரம் தாங்கும் எதையும் தொடாமல், காலியாக இருந்த இடத்தைக் கண்டுபிடித்துப் புதிய தேவையை அங்கே வைத்தார்கள்.

30 கோடி டாலர் யோசனை

2008ல் வந்த யோசனை வேறு மாதிரி. முதலீட்டு நிறுவன அதிபர் ஸ்டீபன் ஷ்வார்ஸ்மன் 10 கோடி டாலர் நன்கொடை அறிவித்தார். அதோடு ஒரு பெரிய திட்டமும் அறிவிக்கப்பட்டது. பளிங்குக் கட்டடத்தின் ஏழு அடுக்குக் கிடங்கை முழுவதுமாக அகற்றிவிடுவது. அந்த இடத்தில் பூங்காவைப் பார்த்தபடி நவீன இரவல் நூலகம் அமைப்பது. எதிர்ப்புற மிட் மான்ஹாட்டன் கட்டடத்தையும், 34ஆம் தெருவில் இருந்த அறிவியல், வணிக நூலகத்தையும் விற்று அந்தப் பணத்தை இதற்குப் பயன்படுத்துவது. கிடங்கில் இருந்த நூல்களில் பெரும்பகுதியைப் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் உள்ள சேமிப்புக் கிடங்குக்கு அனுப்பிவிடுவது. மதிப்பீடு 30 கோடி டாலர். அதில் 15 கோடி நகராட்சியின் பங்கு. வடிவமைப்பாளர் உலகப் புகழ் பெற்ற நார்மன் ஃபாஸ்டர்.

நூலக நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கிடங்கில் நூல்களைக் காக்கத் தேவையான குளிர்சாதன வசதியும் நவீன தீயணைப்பு ஏற்பாடும் கிடையாது. நூறு வருடக் காகிதம் கோடைக்குக் கோடை நொறுங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்புற இரவல் நூலகமோ பரிதாபமான நிலை. தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் மின்தூக்கியும் நாற்காலியும் பழசு. பளிங்குக் கட்டடத்தின் நடுப்பகுதி முழுவதும் ஊழியர்கள் மட்டுமே போகும் இடமாக இருக்கிறதே, அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் என்ன என்பது நல்ல கேள்விதான்.

ஆனால் ஊர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. 53ஆம் தெருவில் டானல் நூலகம் என்று ஒரு கிளை இருந்தது. 1955ல் திறக்கப்பட்டு, குழந்தைகளும் மாணவர்களும் நிரம்பி வழிந்த இடம். அந்த இடத்தை ஹோட்டல் கட்ட விற்று, கீழே புதிய நூலகம் தருவதாகச் சொல்லி, 2008ல் மூடினார்கள். அந்த ஆண்டு வந்த நிதி நெருக்கடியில் கட்டுமானம் தள்ளிப்போயிற்று. புதிய நூலகம் திறந்தது 2016ல். பெரும்பகுதி தரைக்குக் கீழே. டானல் மூடியபோது ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை, மறுபடி திறந்தபோது கல்லூரிக்குப் போயிருக்கும். இப்படி ஒரு அனுபவம் கண்முன்னே இருக்கும்போது, "இன்னும் இரண்டை விற்கிறோம், பிறகு பெரிதாகத் தருகிறோம்" என்றால் யார் நம்புவார்கள்?

எழுத்தாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு 2012ல் கடிதம் அனுப்பினார்கள். ஆறு நிமிடத்தில் வந்த நூல் இனி வேறு மாநிலத்திலிருந்து லாரியில் வர வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. எதிர்ப்புக்குப் பிறகு நிர்வாகம் கொஞ்சம் இறங்கிவந்தது. பூங்காவின் அடியில் பாதியில் விட்டிருந்த இரண்டாவது தளத்தை முடித்து, கூடுதல் நூல்களை இங்கேயே வைப்பதாகச் சொன்னது.

அந்த ஆண்டு டிசம்பரில் ஏடா லூயிஸ் ஹக்ஸ்டபிள் எழுதிய ஒரு கட்டுரை விவாதத்தின் போக்கையே மாற்றியது. அமெரிக்கச் செய்தித்தாள்களில் கட்டடக்கலை விமர்சனத்தை ஒரு துறையாகவே நிலைநிறுத்தியவர் அவர். 91 வயது. கிடங்கு என்பது கட்டடத்துக்குள் வைத்த பொருள் அல்ல, அதுவே கட்டடத்தின் அமைப்பு என்று அவர் விளக்கினார். கட்டுரை வந்த சில வாரங்களில் அவர் காலமானார். அவருடைய கடைசிக் கட்டுரை அதுதான்.

அதன் பிறகுதான் பலருக்கும் விஷயம் உறைத்தது. மேலே இருக்கும் கூடத்தை அந்தரத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் தூண்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அதற்குப் பதில் வேறு தாங்கிகளைச் செருக வேண்டும். கட்டில் மேல் ஆள் தூங்கும்போதே கால்களை மாற்றுவது போன்ற வேலை. பொறியாளர்கள் முடியாது என்று சொல்லவில்லை. செலவாகும் என்றார்கள். எவ்வளவு செலவாகும் என்பதுதான் தெளிவாக வெளியே வரவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கட்டடத்தின் வெளிமுகப்புக்குப் பாரம்பரியச் சின்னம் என்ற சட்டப் பாதுகாப்பு 1960களிலேயே கிடைத்துவிட்டது. உள்ளே இருந்த கிடங்குக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பார்க்காத ஒன்றை யார் பாதுகாப்பார்கள்?

2013 ஜூலையில் வழக்குகள் தொடரப்பட்டன. 2014ல் புதிய மேயர் பதவியேற்றார். மே மாதம் 7ஆம் தேதி நிர்வாகம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு செய்தித்தாள்களில் வெளிவந்த தகவலின்படி, உண்மையான செலவு 50 கோடி டாலரைத் தாண்டியிருக்கும்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே மே மாதக் கடைசியில், ஓர் இரவு, வாசிப்புக் கூடத்தின் 52 அடி உயரக் கூரையிலிருந்து அலங்காரப் பூ ஒன்று பெயர்ந்து விழுந்தது. இரவானதால் யாருக்கும் அடிபடவில்லை. கூடத்தை மூடி, கூரையில் இருந்த பூக்களையெல்லாம் சோதித்து எஃகுக் கம்பியால் பிணைத்து, 2016 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். எல்லாரும் கீழே இருந்த தூண்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே பராமரிப்பு தன் பங்குக்குக் காத்திருந்தது.

விடை எதிர்ப்புறத்தில் இருந்தது

திட்டத்தைக் கைவிட்டதோடு கதை முடிந்திருந்தால், "பழசைத் தொடாதே" என்பதுதான் பாடம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்படி முடியவில்லை.

விற்பதாக இருந்த மிட் மான்ஹாட்டன் கட்டடத்தையே புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. நகராட்சியின் பணம் அங்கே திரும்பியது. ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸ் அறக்கட்டளை 5.5 கோடி டாலர் கொடுத்தது. நெதர்லாந்தின் மெக்கானூ நிறுவனமும் நியூயார்க்கின் பேயர் பிளைண்டர் பெல் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தன. 2017ல் மூடி, சுமார் 20 கோடி டாலர் செலவில் உள்ளே முழுவதும் மாற்றி, 2021 ஜூனில் முழுமையாகத் திறந்தார்கள்.

துணிக்கடைக்காகக் கட்டிய கட்டடம் அது. அகலமான தளங்கள், குறைவான தடுப்புகள். மாற்றங்களைத் தாங்கும் உடம்பு. அதன் ஒரு பக்கத்தில் தளங்களை வெட்டித் திறந்து, ஐந்து அடுக்குகளில் எல்லாரும் நேராகப் போய்க் கையால் எடுக்கும்படி நூல்களை வைத்தார்கள். தனித் தளத்தில் குழந்தைகளும் இளைஞர்களும். இன்னொரு தளத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம், கணினி வகுப்புகள். வேலை தேடுகிறவர்களுக்கும் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கும் ஆலோசனை மையம். மேலே மொட்டைமாடியில் தோட்டமும் உட்காரும் இடமும். ஐந்தாம் அவென்யூவில் ஒரு காசும் கொடுக்காமல், எதுவும் வாங்காமல், யாரும் உட்காரக்கூடிய மொட்டைமாடி அது.

பளிங்குக் கட்டடத்தின் வயிற்றைக் கிழித்துக் கொண்டுவர நினைத்த சமூகப் பயன்பாடு அத்தனையும், சாலையைக் கடந்தால் எட்டும் தூரத்தில், விற்றுவிடலாம் என்று எழுதிவைத்திருந்த கட்டடத்தில் கிடைத்துவிட்டது.

சேதாரமும் இருந்தது. 2013லேயே, திட்டம் நடக்கப்போகிறது என்ற நம்பிக்கையில், ஏழு அடுக்குக் கிடங்கிலிருந்து நூல்களை வெளியேற்றிவிட்டார்கள். திட்டம் நின்றதும் அவை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. குளிர்சாதனமில்லாத கிடங்கில் மறுபடி வைக்கக் கூடாது என்ற முந்தைய காரணம் அப்படியேதான் இருந்தது. நூல்களில் பெரும்பகுதி பூங்காவின் அடிக்கிடங்குக்குப் போயிற்று. ஆகவே, இவ்வளவு போராடிக் காப்பாற்றிய அலமாரிகள் காலியாக, மேலே உள்ள தரையை மட்டும் தாங்கிக்கொண்டு நின்றன. காப்பாற்றுவது பாதி வேலை. பிறகு அதை என்ன செய்வது என்பது மீதிப் பாதி.

மான்செஸ்டரில் நேர் எதிர்

கிடங்கை எடுக்கவே கூடாது என்று யாரும் விதி செய்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் மைய நூலகம் அதற்குச் சாட்சி. வட்ட வடிவக் கட்டடம், நடுவில் மாபெரும் குவிமாடம். வின்சென்ட் ஹாரிஸ் வடிவமைத்து 1934ல் திறந்தது. அங்கேயும் இதே அமைப்புதான்: குவிமாடத்தின் கீழே வாசிப்புக் கூடம், அதற்கும் கீழே அடுக்கடுக்காகக் கிடங்கு. பொதுமக்கள் போகக்கூடிய பகுதி மொத்தக் கட்டடத்தில் வெறும் 30 சதவீதம்.

2010ல் மூடினார்கள். கிடங்கை அகற்றி, வாசிப்புக் கூடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கீழ்த்தளங்களைத் திறந்தார்கள். காபிக் கடை, குழந்தைகள் பகுதி, ஊரின் பழைய ஆவணங்களையும் படங்களையும் தொட்டுப் பார்க்கும் திரைகள் வந்தன. சுமார் 5 கோடி பவுண்டு செலவு. 2014 மார்ச்சில், நியூயார்க் தன் திட்டத்தைக் கைவிடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, மான்செஸ்டர் தன் நூலகத்தைத் திறந்தது. பொதுமக்கள் பகுதி 70 சதவீதம் ஆகியிருந்தது. கூட்டம் அலைமோதியது.

அங்கேயும் மனக்கசப்பு உண்டு. இடமாற்றத்தின்போது நூல்களை லட்சக்கணக்கில் கழித்துவிட்டார்கள் என்று எழுத்தாளர்கள் 2012ல் கண்டனக் கடிதம் எழுதினார்கள். எவை போயின, யார் முடிவெடுத்தார்கள் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் அவர்களின் முக்கியக் குறை. கட்டடத்தை மாற்றியதைவிட, அதைப் பேசாமல் மாற்றியதுதான் வலித்தது.

இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். மாற்றலாமா, கூடாதா என்று தொடங்குவது வீண். எது எதைத் தாங்குகிறது என்று தொடங்க வேண்டும். அது எஃகுத் தூணாகவும் இருக்கலாம், வந்துபோகும் மனிதர்களின் பழக்கமாகவும் இருக்கலாம். முதலாவதைப் பொறியாளர் கண்டுபிடித்துச் சொல்வார். இரண்டாவதை அங்கே வந்து உட்காருகிறவர்கள்தான் சொல்ல முடியும்.

இனி நம் வாசிப்பறை

பி பிளாக் தரைத்தளத்தில் இருக்கும் நம் வாசிப்பறையை எடுத்துவிட்டு, அதைக் கண்ணாடிக் கதவோடு உடற்பயிற்சிக் கூடமாக மாற்றலாம் என்று ஒரு யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. "அங்கே யார் போறாங்க?" என்ற கேள்வி வாட்ஸ்அப் குழுவில் பலமுறை வந்துவிட்டது. யோசனை சொன்னவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. உடற்பயிற்சிக் கூடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. நானும் சர்க்கரை உள்ளவன்தான்.

ஆனால் யார் போகிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்லக் கூடாது என்று, போன மாதம் ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் போய் உட்கார்ந்தேன். காலை ஆறரைக்கு நாலு பெரியவர்கள் செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிக்கிறார்கள். பதினொரு மணிக்கு மேல் சத்தியமாக யாரும் இல்லை. மாலை நாலரைக்குப் பிள்ளைகள், பெற்றோர் அலுவலகத்திலிருந்து வரும்வரை. இரவு எட்டுக்கு மேல் தேர்வுக்குப் படிக்கும் மூன்று பேர். அதில் ஒருத்தி நம் காவலாளி ஒருவரின் மகள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். "வீட்டுல ஒரே ரூம் சார், தம்பி டிவி போட்டுருவான்" என்றாள். அவள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அந்த நாலு பெரியவர்களில் மூன்று பேரும் இல்லை.

மின்கட்டண ரசீதிலோ கட்டட வரைபடத்திலோ இவர்கள் தெரிய மாட்டார்கள்.

சி பிளாக் பின்னால் பழைய ஜெனரேட்டர் அறை இருக்கிறது. புதிய இயந்திரம் வெளியே போன பிறகு மூன்று வருடமாக அதில் உடைந்த நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும்தான். கனமான இயந்திரத்துக்காகப் போட்ட தரை, வீடுகளிலிருந்து தள்ளி இருக்கும் இடம், சத்தம் கேட்டாலும் யார் தூக்கமும் கெடாது. காற்றோட்டத்துக்கும் கழிவறைக்கும் என்ன செலவாகும் என்று பொறியாளரை அழைத்துக் கேட்டுவிட்டு, பிறகு வாசிப்பறையைப் பற்றிப் பேசுவோம் என்பது என் வேண்டுகோள். அங்கே முடியாது என்று அவர் சொன்னால், பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை காலியாகக் கிடக்கும் வாசிப்பறையில் வேறு என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். தையல் வகுப்பு, யோகா, மருத்துவ முகாம் என்று எதுவும் ஆகலாம்.

பொதுக்குழுவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வாசிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகமும் பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். உள்ளே வருகிறவர்கள் பிளாக், நேரம், எதற்காக வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். பெயர் வேண்டாம். வீட்டில் வேலை செய்பவர்களும், காவலாளிகளின் பிள்ளைகளும் எழுதலாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். முடிவு எதுவானாலும், அந்த நோட்டைப் பொதுக்குழுவில் முதலில் படித்துக் காட்டிவிட்டு வாக்கெடுப்புக்குப் போவோம்.